கரைந்த மை, மங்கிய எழுத்து: ஸ்கேன் செய்த பழைய ஆவணத்தை வாசிக்க வைக்கும் வழிகள்

2024 அக்டோபர் கடைசியில் பெய்த பெருமழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் உறவினர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியும் நனைந்தது. பெட்டிக்குள் இருந்தவை அப்பத்தாவின் செய்முறை நோட்டு, இரண்டு கிரையப் பத்திரங்கள், ஒரு கட்டுக் கடிதம். செய்முறை நோட்டு என்றால் மதுரைப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. எந்த வீட்டுக் காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கு அது. நாம் திருப்பிச் செய்ய வேண்டிய முறை. அதில் மூன்றை எட்டு என்று படித்துவிட்டால் இரண்டு வீடுகளுக்குள் பேச்சு நின்றுபோகும்.

அந்தப் பெட்டியை வாசித்து முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அப்போது கற்றுக்கொண்டதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தாளில் மை விட்டுச்சென்ற தடயத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதுதான் இந்த வேலை. தடயமே இல்லாத இடத்தில் எழுத்தை வரைந்து வைப்பது இந்த வேலையில் சேராது.

ஸ்கேன் எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

பாதிக் கோளாறுகள் இங்கேதான் பிறக்கின்றன. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), முழு வண்ணம், விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. எழுத்து கறுப்பாக இருந்தாலும் வண்ணத்திலேயே எடுங்கள். பின்னால் கறையையும் மையையும் பிரிக்க உதவப்போவது வண்ணம் ஒன்றுதான். ஸ்கேனர் மென்பொருளில் தானாகப் பளிச்சிட வைக்கும், கூர்மையாக்கும், பின்னணியை வெளுக்கும் வசதிகள் இருந்தால் அத்தனையையும் அணைத்துவிடுங்கள். மூலக் கோப்பை வேறொரு வட்டில் வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

தாள் ஈரமாக இருந்தால் ஸ்கேனர் பக்கமே போகக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒட்டுத்தாள்களுக்கு இடையே காயட்டும். மதுரை வெயில் கண் முன்னே காய்கிறதே என்று மொட்டைமாடியில் விரித்துவிடாதீர்கள். வெயிலில் சாய மை இன்னும் வெளுக்கும், தாளும் சுருண்டு நொறுங்கும். பூஞ்சணம் பிடித்திருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் அணிந்து, மெல்லிய தூரிகையால் மட்டும் தட்டிவிடுங்கள்.

கோளாறு: பெரிதாக்கினால் எழுத்தைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெரிகிறது

இது ஆவணத்தின் சேதமே அல்ல. உறவினர் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருப்பார். ஜேபெக் சுருக்கம் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதிலும் வண்ண விவரத்தைத்தான் முதலில் குறைக்கிறது. அந்தக் கோப்பை வைத்து எவ்வளவு முயன்றாலும் பலன் இல்லை. மீண்டும் எடுத்து, 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைப்பேசி ஸ்கேன் செயலியின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் இதே பதில்தான். மங்கிய எழுத்து எது, தாள் எது என்று அந்தச் செயலியே முடிவு செய்து மங்கிய எழுத்தைத் துடைத்துவிட்டிருக்கும்.

கோளாறு: தாள் பழுத்துவிட்டது, கறை படிந்திருக்கிறது, எழுத்து அதற்குள் மறைகிறது

அதிகம் வருவதும் இதுதான், அதிகம் மீட்க முடிவதும் இதுதான்.

வண்ணப் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்தால், ஒன்றில் மறைந்த எழுத்து இன்னொன்றில் நிமிர்ந்து நிற்கும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் கலர்ஸ் பட்டியலில் காம்போனன்ட்ஸ், அதனுள் டீகம்போஸ் என்று போனால் மூன்றும் மூன்று லேயர்களாக, அதாவது அடுக்குகளாகப் பிரிந்து வரும்.

எதில் எதைத் தேடுவது என்பதற்கு ஒரே கணக்கு: ஒரு நிறம் தன் சேனலில் வெளுக்கும், எதிர் நிறத்தின் சேனலில் கறுக்கும். மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. ஆகவே அந்த இரண்டு சேனல்களில் வெளுத்து, நீலச் சேனலில் கறுக்கும். நீல மை சிவப்புச் சேனலில் கறுக்கும். ஆக, பழுப்பேறிய தாளில் நீலப் பேனாவால் எழுதியிருந்தால் சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு போய்விடும், எழுத்து நிற்கும். அப்பத்தாவின் நோட்டில் முக்கால்வாசிப் பக்கங்கள் இந்த ஒரு அடியிலேயே வாசிக்கத் தகுந்தவை ஆயின.

நம் ஊர்ப் பத்திரங்களுக்கே உரிய கறை மஞ்சள். பூசையறையில் வைத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருப்பார்கள். மஞ்சள்கறை சிவப்புச் சேனலில் ஏறக்குறைய முழுதாகவே மறையும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த குங்குமம் பச்சையிலும் நீலத்திலும் கறுத்து, சிவப்பில் வெளுக்கும். எழுத்து நீல மையாக இருந்தால் சிக்கல் இல்லை. பழுப்பேறிய பழைய கறுப்பு மையாக இருந்தால்தான் இழுபறி. அந்த மைக்கு நீலச் சேனல்தான் பலம், மஞ்சள்கறையும் அங்கேதான் கறுக்கிறது. அப்போது பச்சைச் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் அங்கே கிடைக்கும்.

சார்பதிவாளர் அலுவலக முத்திரை எழுத்தின்மேல் விழுந்திருந்தால் முத்திரை மையின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு முத்திரை சிவப்புச் சேனலில் மறையும். ஊதா முத்திரை பச்சையில் மிகக் கறுத்து, நீலத்தில் வெளுக்கும். அடியில் உள்ள எழுத்து பழுப்பு மை என்றால் நீலச் சேனலில் முத்திரை விலகி எழுத்து முன்னால் வரும். அப்படி ஒரு பத்திர எண்ணைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. காரணம், பதிவு செய்த பத்திரம் என்றால் அந்த எண்ணும் ஆண்டும் கிடைத்தாலே போதும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சொத்துப் பத்திரங்களின் பதிவு 1ஆம் புத்தகத்தில் இருக்கும், நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆகவே பத்திரத்தில் முதலில் மீட்க வேண்டியது பின்பக்கத்துப் பதிவுக் குறிப்பைத்தான். நாம் கணினியில் மீட்டெடுக்கும் படம் வீட்டில் வாசிக்க உதவும். வழக்குக்கும் விற்பனைக்கும் சான்றிட்ட நகல்தான் வேண்டும்.

கோளாறு: ஒரு பக்கம் இருட்டாகவும் மறுபக்கம் வெளிச்சமாகவும் இருக்கிறது

அடுப்புப் புகை படிந்த தாள், தைத்த நோட்டின் உள்மடிப்பு, ஓரத்தில் ஏறிய ஈரக்கறை. இங்கே கர்வ்ஸ் (படம் முழுவதன் வெளிச்சத்தையும் இருளையும் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து இழுத்தால் ஒரு பக்கம் தெளியும்போது மறுபக்கம் எரிந்துபோகும். பின்னணியைச் சமப்படுத்துவதுதான் வழி.

நல்ல சேனலைத் தேர்ந்த பிறகு அந்த லேயரை நகலெடுங்கள். மேலே உள்ள நகலுக்குக் காஸியன் ப்ளர் என்ற கலங்கல் வடிகட்டியைக் கொடுத்து, எழுத்தே தெரியாத அளவுக்குக் கலங்கவிடுங்கள். 600 டிபிஐயில் மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்து சுமார் 70 புள்ளிகள். 150 முதல் 200 வரை கலங்கல் போதும். பிறகு அந்த லேயரின் முறையை டிவைட் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள தாளின் வெளிச்சத்தால் வகுக்கப்படும். தாள் எங்கும் ஒரே வெள்ளையாகும், எழுத்து மட்டும் தங்கும். கர்வ்ஸ் வேலை அதற்குப் பிறகுதான். மதிப்புகள் முரடாகச் சிதறாமல் இருக்க, தொடங்கும்போதே படத்தை, ஒளி அளவுகளை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2018இல் வந்த கிம்ப் 2.10 முதல் அது முடியும்.

எழுத்து அளவே உள்ள சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் இதில் போகாது. அவற்றைச் சேனல் பிரிப்பில்தான் விரட்ட வேண்டும்.

கோளாறு: எழுத்து வெளிறிய பழுப்பாகிவிட்டது, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை

கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மையில் இரும்பு இருக்கிறது. எழுதும்போது கறுக்கும், பல பத்தாண்டுகளில் பழுக்கும், அதன் அமிலம் தாளையும் அரிக்கும். நல்ல செய்தி என்னவென்றால், கண்ணுக்கு வெளிறினாலும் இரும்பு தாளிலேயே கிடக்கிறது. அது புற ஊதா ஒளியை உறிஞ்சும், தாள் மெல்ல ஒளிரும். இருட்டறையில் கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, 365 நானோமீட்டர் டார்ச் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தாளை நிமிடக்கணக்கில் அந்த ஒளியில் வைக்கவும் வேண்டாம். டார்ச் இல்லாவிட்டால் ஸ்கேனின் நீலச் சேனலை எடுத்துப் பின்னணியைச் சமப்படுத்துங்கள்.

அதிலும் தெரியாத மெல்லிய தடயத்துக்கு இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளுடன் இயங்கும் டீஸ்ட்ரெட்ச் இருக்கிறது. ஜான் ஹார்மன் இதைப் பாறை ஓவியங்களுக்காக உருவாக்கினார். நம் பக்கத்துக் கிடாரிப்பட்டியிலும் கருங்காலக்குடியிலும் பாறையில் மங்கிக் கிடக்கும் ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு, இப்படி ஒரு கருவியின் தேவை உடனே விளங்கும். கண்ணால் பிரிக்க முடியாத இரண்டு நிறங்களுக்கு இடையிலான சிறு வேறுபாட்டை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது அதன் வேலை. படம் கண்ணைப் பறிக்கும் பொய் நிறங்களில் வரும். அதைப் பார்த்து எழுத்தை அடையாளம் காணுங்கள்; சேமித்து வைக்க வேண்டிய படம் அதுவல்ல.

கோளாறு: தண்ணீர் பட்டு மை ஓடிவிட்டது

சொல்லவே மனம் வலிக்கும் கோளாறு இது. பந்துமுனைப் பேனாவின் எண்ணெய் மை தண்ணீரில் ஓடாது. ஊற்றுப் பேனாவின் நீல மை சாயம். தண்ணீர் எங்கே போனதோ அங்கே அதுவும் போய்விடும். ஓடிய சாயத்தைக் கணினியால் திரும்பி வரச் சொல்ல முடியாது.

ஆனால் எழுதிய கை தாளை அழுத்தியிருக்கிறது. நிப்பு உழுத பள்ளம் பல இடங்களில் மிச்சம் இருக்கும். கேமராவைத் தலைக்கு நேர் மேலே அசையாமல் கட்டுங்கள். அறையை இருட்டாக்குங்கள். ஒரு டார்ச்சைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு பக்கமிருந்தும் அடித்து நான்கு படம் எடுங்கள். தாளும் கேமராவும் அசையக் கூடாது, வெளிச்சம் மட்டும் நகரட்டும். நான்கையும் லேயர்களாக அடுக்கி, மேலுள்ள மூன்றுக்கும் டார்க்கன் ஒன்லி முறை கொடுத்தால் ஒவ்வொரு திசையிலும் விழுந்த நிழல் ஒன்றுசேரும். பள்ளம் கோடாகத் தெரியும். நனைந்து சுருங்கிய தாளில் சுருக்கங்களும் சேர்ந்தே தெரியும் என்பதால் நான்கு படங்களையும் தனித்தனியாகவும் பாருங்கள். மை பூசாத ஓலைச்சுவடியையும் இதே முறையில் வாசிக்கலாம்.

நோட்டின் சில வரிகள் காப்பியிங் பென்சிலால் எழுதியவை. ஈரம் பட்டதும் அது ஊதாவாக ஓடிப் பரவியிருந்தது. பரவிய ஊதாவின் நடுவே முதலில் எழுதிய கோடு சற்று அடர்ந்து நிற்கும். பச்சைச் சேனலில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது.

கோளாறு: பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறது

எண்ணெய் பட்ட தாளில் இது மோசமாக இருக்கும். முதல் மருந்து மிக எளிது. ஸ்கேன் எடுக்கும்போது தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள். ஸ்கேனர் மூடியின் வெள்ளைதான் ஒளியைத் திருப்பி அனுப்பிப் பின் எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தாள் கொஞ்சம் மங்கலாக வரும், அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

போதவில்லையென்றால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, இடவலமாகத் திருப்பி, முன்பக்கத்தின்மேல் லேயராகப் பொருத்துங்கள். சிறிது கலங்கவிட்டு, டிவைட் முறையில் 20 முதல் 40 சதவீதம் அடர்த்தி கொடுத்தால் ஊடுருவிய எழுத்து வெளுக்கும். பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். பழைய தாள் நேராக இருப்பதே இல்லை, பகுதி பகுதியாகத்தான் இழுத்துப் பொருத்த முடியும்.

கோளாறு: லேமினேஷன் மினுமினுக்கிறது, செல்லோடேப் கறை

லேமினேஷனைப் பிரிக்க முயலாதீர்கள், தாளும் சேர்ந்து உரியும். இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகையில் வைத்துப் படம் எடுத்தால் மினுக்கம் கேமராவுக்கு வராது. ஒட்டிய டேப்பையும் இழுக்க வேண்டாம். அதன் பழுப்புக்கறை சிவப்புச் சேனலில் பெருமளவு போய்விடும்.

கோளாறு: கரையான் அரித்த ஓட்டை, மடிப்பில் தேய்ந்த எழுத்து

நான்காக மடித்த பத்திரத்தின் மடிப்பில் ஒரு வரி முழுதும் தேய்ந்திருக்கும். துண்டாகியிருந்தால் ஒவ்வொரு துண்டையும் தனியே ஸ்கேன் செய்து கணினியில் சேருங்கள், பசை வேண்டாம். பாதி எழுத்து மேல் துண்டிலும் பாதி கீழ்த் துண்டிலும் இருக்கும். திரையில் நெருக்கிப் பொருத்தும்போது சொல் தானாக உயிர்பெறும்.

ஓட்டை விழுந்த இடம் வேறு. அங்கே தாளே இல்லை. அளக்கலாம்: அதே கையெழுத்தில் எழுத்துக்குச் சராசரி அகலம் என்ன, இடைவெளியில் எத்தனை எழுத்து கொள்ளும் என்று கணக்கிடலாம். பழைய கிரையப் பத்திரங்களில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்', 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' போன்ற வாய்பாடுகள் திரும்பத் திரும்ப வரும். 'பௌத்…மாய்' என்று மிஞ்சியிருந்தால் நடுவில் என்ன இருந்தது என்று சொல்லிவிடலாம். பெயரும் தொகையும் நான்கெல்லையும் அப்படி அல்ல. அவை வாய்பாட்டில் வராது. அவற்றை ஊகிக்காதீர்கள்.

வாசித்து எழுதும்போது ஊகித்த எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். ஊகிக்க முடியாதவற்றுக்கு எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். படத்தில் கோடு இழுத்துக் காட்டியே ஆகவேண்டும் என்றால் தனி லேயரில், வேறு நிறத்தில் இழுங்கள்.

கோளாறு: செயற்கை நுண்ணறிவு அழகாகத் தெளிவாக்கித் தந்துவிட்டது

இதை நான் கோளாறு என்றே சொல்வேன். மங்கிய படத்தைப் 'புதுப்பிக்கும்' இத்தகைய கருவிகள் தாளில் உள்ளதை மட்டும் காட்டுவதில்லை. இருந்திருக்கக் கூடியது எது என்று கணித்துப் புதிதாக வரைகின்றன. தமிழ்க் கையெழுத்தில் 'ள'வும் 'ன'வும் கலந்து, எந்த மொழியிலும் இல்லாத சுழிகள் வருகின்றன. அதைவிட ஆபத்து, சரியான தமிழ் எழுத்தாகவே, ஆனால் தவறான எழுத்தாக வருவது. அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. குடும்பப் புகைப்படத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். கணக்குக்கும் பத்திரத்துக்கும் வேண்டாம்.

அளவுக்கு மீறிய கூர்மையாக்கலும் இதற்குத் தம்பிதான். நோட்டில் ஒரு வரியில் '8 ரூபாய் 4 அணா' என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை 51 ரூபாய். மற்ற வரிகள் எல்லாம் சேர்ந்து 47 ரூபாய் 12 அணா. ரூபாய்க்கு 16 அணா என்று கழித்தால் மிஞ்சுவது 3 ரூபாய் 4 அணாதான். மூல ஸ்கேனுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூன்றின் திறந்த வாயைக் கூர்மையாக்கலின் நிழல்கோடுதான் மூடி எட்டாக்கியிருந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை எழுதிய எந்தக் கணக்கையும் இப்படிக் கூட்டிப் பார்த்துச் சரிபாருங்கள். பழைய மனிதர்கள் கூட்டலில் தவறுவது அரிது.

கோளாறு: படம் தெளிவாகிவிட்டது, ஆனாலும் வாசிக்க முடியவில்லை

இனிக் கணினிக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா மூன்றும் கால் தனியே நிற்காமல் சுழித்து ஒட்டிய வடிவம். ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வைத்தவை. எழுத்துணரி மென்பொருள்கள் அச்சுப் பக்கத்திலேயே இவற்றில் தடுமாறும். கையெழுத்தில் அவற்றை நம்பவே வேண்டாம்.

தமிழ் எண்கள் இன்னொரு பொறி. ௧ என்பது க போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் நிற்கும். வெறும் கிறுக்கல் என்று நினைத்துத் துடைத்துவிடத் தோன்றும் சுழி ௵ ஆக இருக்கலாம், அது வருஷம். ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. தூசி நீக்கும் கருவியை ஓடவிடுவதற்கு முன் இவற்றை ஒருமுறை கண்ணில் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டுப் பெயர் மட்டும் தெரிந்து எண் அழிந்திருந்தால் அறுபதாண்டுச் சுழற்சியைக் கொண்டு பிடிக்கலாம். ஒரு பத்திரத்தில் 'தாது ௵' மட்டும் மிஞ்சியிருந்தது. பெரும் பஞ்சத்தால் பெயர்பெற்ற தாது 1876இல் தொடங்கியது, அடுத்த தாது 1936இல். முத்திரைத்தாளின் மேலே இருந்த தலை விக்டோரியா ராணியுடையது அல்ல, ஓர் அரசருடையது. ஆகவே 1936 தாது.

எல்லாம் செய்த பிறகு, பெரிய எழுத்தில் அச்செடுத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். நான் ஒரு வாரம் போராடிய வரியை அப்பத்தாவின் தங்கை அரை நிமிடத்தில் வாசித்தார். அவருக்கு எழுத்தைவிட ஆட்களைத் தெரியும்: செக்கானூரணியில் இந்தப் பெயரில் யார் இருந்தார்கள், யார் எந்தக் கல்யாணத்துக்கு வந்தார்கள் என்று. ஆனாலும் ஒரு வரியில் அவரும் நின்றுவிட்டார். ஊர் தெரிகிறது, 2 ரூபாய் தெரிகிறது, பெயரில் கடைசி எழுத்து 'யி' மட்டும் தெரிகிறது. முன்னால் மூன்று எழுத்துக்கு இடம் இருக்கிறது. மூன்று புள்ளி வைத்து அப்படியே விட்டிருக்கிறோம். அடுத்த முறை செக்கானூரணிக்கு ஒரு விசேஷத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்தின் அச்சையும் எடுத்துப் போகிறோம்.